டெக்சாஸ் வீட்டு வரி: புரொடெஸ்ட்டுக்கு ஏஜென்ட் வைக்கும் முன்

ஏப்ரல் மாதம், வரிக்காக வீடுகளுக்கு மதிப்புப் போடும் உள்ளூர் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டிலிருந்து ஒரு கடிதம் வரும். உங்கள் வீட்டின் மதிப்பு இந்த ஆண்டு இவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். அது அதிகம் என்று முறையிடுவதுதான் புரொடெஸ்ட், அதைக் காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காகச் செய்பவர் ஏஜென்ட். அது வந்த வாரமே டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கத்துத் தமிழ் வாட்ஸப் குழுக்களில் ஒரே கேள்வி: "யாராவது நல்ல புரொடெஸ்ட் ஏஜென்ட் சொல்லுங்களேன்." உடனே பத்துப் பேர் பத்து லிங்க் போடுவார்கள். பாதி லிங்க்கில் ரெஃபரல் கோட் இருக்கும்.

ஏஜென்ட் வேண்டுமா என்பது நீங்கள் வீடு வாங்கி எத்தனையாவது வருடம் என்பதைப் பொறுத்தது. ஒரு வருடத்தில் ஏஜென்ட் தரும் பலன் நூற்றுக்கணக்கான டாலர், இன்னொரு வருடத்தில் பூஜ்யம். எந்த வருடம் எது என்று தெரியாமல் லிங்க்கை அழுத்தினால், பூஜ்யத்துக்கும் பில் வரும்.

கடிதத்தை எப்படிப் படிப்பது

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளி, நகரம், கவுன்டி, கல்லூரி எல்லாம் பெரும்பாலும் வீட்டு வரியில்தான் ஓடுகின்றன. பல புறநகர்களில் எல்லாம் சேர்த்து வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தை ஒட்டி வரும். 'மட்' எனப்படும் தண்ணீர், சாக்கடை வசதிக்கான தனி மாவட்டம் இருக்கும் புதுக் குடியிருப்புகளில் அதற்கும் மேலே போகும். சென்னையில் அரையாண்டுக்கு ஒருமுறை வீட்டு வரி கட்டிப் பழகியவர்களுக்கு முதல் பில் ஓர் அதிர்ச்சிதான்.

கடிதத்தில் இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது மார்க்கெட் மதிப்பு: ஜனவரி 1 அன்று உங்கள் வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்று அவர்கள் நினைப்பது. இரண்டாவது அப்ரைஸ்டு மதிப்பு, சில கவுன்டிகளில் அசெஸ்டு என்றும் இருக்கும். நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் சலுகை வாங்கியிருந்தால் இந்த இரண்டாவது எண் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பது சட்டம். புதிதாக நீச்சல் குளமோ கூடுதல் அறையோ கட்டினால் அது தனிக் கணக்கு. வரி போடுவது இந்த இரண்டாவது எண்ணுக்கு, அதுவும் சலுகைகளைக் கழித்த பிறகு.

அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் வரி விகிதத்தை முடிவு செய்வதில்லை. அதைச் செய்பவை பள்ளி வாரியமும் நகர சபையும் கவுன்டியும். அதனால் "வரி ரொம்ப அதிகம், போன வருடம் வேலை போய்விட்டது" என்று அங்கே சொல்லிப் பயன் இல்லை. அங்கே பேசக்கூடிய ஒரே விஷயம் மதிப்பு.

முதலில் இலவசமாகக் கிடைப்பதை வாங்குங்கள்

ஹோம்ஸ்டெட் சலுகைக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா? இல்லையென்றால் ஏஜென்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதை முடியுங்கள். 2025 வரி ஆண்டு முதல் பள்ளி வரிக் கணக்கில் வீட்டு மதிப்பிலிருந்து 1,40,000 டாலர் கழிக்கப்படுகிறது. 65 வயது நிரம்பிய உரிமையாளருக்கு இன்னும் 60,000 டாலர். பெரும்பாலான புரொடெஸ்ட்கள் தரும் லாபம் இதன் பக்கத்தில்கூட வராது.

படிவத்தின் எண் 50-114. உங்கள் கவுன்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்திலேயே போடலாம், கட்டணம் கிடையாது. வேண்டியது அந்த வீட்டு முகவரி போட்ட டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம். பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள். அபார்ட்மென்ட் முகவரியோடு உரிமத்தை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முகவரி மாற்றத்தை முதலில் செய்யுங்கள். வீடு உங்கள் பெயரில் இருந்து, அதுதான் நீங்கள் குடியிருக்கும் முதன்மை வீடு என்றால் போதும். குடியுரிமை ஒரு நிபந்தனை இல்லை, எச்-1பியில் இருப்பவர்களும் வாங்குகிறார்கள்.

வீடு வாங்கிய சில வாரங்களில் அரசாங்கக் கடிதம் போன்ற தோற்றத்தில் கவர்கள் வரும். "உங்கள் ஹோம்ஸ்டெட்டை நாங்கள் பதிவு செய்கிறோம், இவ்வளவு டாலர் அனுப்புங்கள்" என்று இருக்கும். நேராகக் குப்பைத் தொட்டியில் போடலாம்.

எந்த வருடம் சண்டை போட வேண்டும்

10 சதவீத வரம்பு வாங்கியதும் தொடங்குவதில்லை. 2025 நடுவில் வீடு வாங்கினீர்கள் என்று வையுங்கள். பழைய உரிமையாளருக்கு இருந்த வரம்பு அவரோடு போய்விடும். 2026 ஜனவரி 1 மதிப்பை அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் எந்த வரம்பும் இல்லாமல் புதிதாகப் போடும். உங்களுக்கான வரம்பு 2027 முதல்தான், அதுவும் 2026 எண்ணின் மேல் 10 சதவீதம். ஆகவே வாங்கிய மறு வருடம் வரும் கடிதம்தான் அஸ்திவாரம். அதில் 6 லட்சம் என்று போட்டிருப்பதை 5,70,000 ஆக இறக்கிவிட்டால், 2 சதவீத விகிதத்தில் அந்த வருடம் 600 டாலர் மிச்சம். அதோடு முடியவில்லை. அடுத்த வருட உச்சவரம்பு 6,60,000 இல்லை, 6,27,000. எந்த வருடத்தை விட்டாலும் இந்த வருடத்தை விடாதீர்கள்.

புது பில்டர் வீடு வாங்கியவர்களுக்கு இது இன்னும் கடுமையாக அடிக்கும். ஃபிரிஸ்கோவுக்கு வடக்கே செலினா, ப்ராஸ்பர், ஹூஸ்டனில் கேட்டி பக்கம் புதுக் குடியிருப்புகளில் பார்த்தால் தெரியும். ஜனவரி 1 அன்று வெறும் மனையாகவோ பாதிக் கட்டடமாகவோ இருந்ததால் முதல் வருட பில் சின்னதாக இருக்கும். "பரவாயில்லையே" என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது மறு வருடம் முழு வீட்டுக்கும் மதிப்பு வரும். வரி கட்டுவதற்காக மாதாமாதம் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கில் பற்றாக்குறை என்று வங்கி மாதத் தவணையை ஏற்றும். புரொடெஸ்ட்டால் இதை முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் அந்த முழு மதிப்பு சரியான மதிப்பா என்று கேட்க அதுதான் நேரம்.

இனி மறுபக்கம். வரம்பு வந்த பிறகு பல வருடங்கள் புரொடெஸ்ட்டால் காசு மிச்சமாகாமல் போகலாம். ஓர் உதாரணம்: போன வருட அப்ரைஸ்டு மதிப்பு 5 லட்சம். இந்த வருட வரம்பு 5,50,000. கடிதத்தில் மார்க்கெட் மதிப்பு 6,20,000. ஏஜென்ட் போராடி 5,80,000 ஆக்கிவிட்டு "40,000 டாலர் குறைத்துவிட்டோம்!" என்று மின்னஞ்சல் அனுப்புவார். வரி முன்பும் 5,50,000க்குத்தான், இப்போதும் 5,50,000க்குத்தான். உங்களுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. மார்க்கெட் மதிப்பு 5,50,000க்குக் கீழே வந்தால்தான் ஒரு டாலராவது குறையும். ஏஜென்ட் வைக்கும் முன் கடிதத்தின் இரண்டு எண்களுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். பெரிய இடைவெளி என்றால் அந்த வருடம் சும்மா இருந்துவிடலாம்.

வாடகைக்கு விட்ட வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் கிடையாது. 50 லட்சம் டாலர் வரை மதிப்புள்ள அத்தகைய சொத்துகளுக்கு 20 சதவீத வரம்பு ஒன்றை 2024 முதல் 2026 வரை என்று தற்காலிகமாகக் கொண்டுவந்தார்கள். 20 சதவீதம் தாராளமான வரம்பு, அதனால் வாடகை வீடுகளுக்குப் புரொடெஸ்ட் பெரும்பாலும் பயன் தரும்.

ஏஜென்ட் என்ன செய்வார், என்ன செய்ய மாட்டார்

கெடு மே 15, அல்லது கடிதம் அனுப்பி 30 நாள், இரண்டில் எது பிந்தியதோ அது. அதற்குள் புரொடெஸ்ட் பதிவாக வேண்டும். ஏஜென்ட் அதைப் பதிவு செய்வார், அக்கம்பக்கத்து விற்பனை விவரங்களைத் திரட்டுவார், அப்ரைசர்களோடு பேசுவார், ஒத்து வராவிட்டால் புரொடெஸ்ட்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அப்ரைசல் ரிவ்யூ போர்டு முன் உங்களுக்காக நிற்பார்.

இதில் விற்பனை விவரம் என்பதுதான் அவர்களின் உண்மையான பலம். டெக்சாஸில் வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்பதை அரசிடம் சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்டம் இல்லை. அந்த விலைகள் ரியல்டர்களின் (வீட்டுத் தரகர்களின்) பட்டியலில் இருக்கும், பொதுத்தளங்களில் இருக்காது. (வீடு வாங்கியதும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் "என்ன விலைக்கு வாங்கினீர்கள்" என்று ஒரு கடிதம் அனுப்பும். பதில் சொல்வது உங்கள் விருப்பம்.) நல்ல ரியல்டர் நண்பர் இருந்தால் உங்கள் குடியிருப்பில் சமீபத்தில் விற்றவற்றை எடுத்துத் தருவார். அந்த நண்பர் இருக்கும்போது ஏஜென்ட்டின் மதிப்பு பாதியாகிவிடுகிறது.

செய்ய மாட்டாதது: உங்கள் வீட்டை வந்து பார்ப்பது. பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வீடுகளை மொத்தமாகக் கையாள்கின்றன. உங்கள் அஸ்திவாரத்தில் விரிசல் விட்டிருப்பதோ, ஆலங்கட்டி மழையில் கூரை அடிபட்டதோ, பின்வேலிக்கு அந்தப் பக்கம் டோல்வே ஓடுவதோ அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் படமும் பழுது பார்க்கும் மதிப்பீடும் அனுப்பினால்தான் உண்டு. டல்லாஸ் சுற்றுவட்டாரக் களிமண் வெயிலில் சுருங்கி மழையில் உப்பும். அஸ்திவாரச் செலவு இங்கே நிஜமான செலவு. ஒரு கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்த மதிப்பீடு பத்து வார்த்தை வாதத்தைவிட மேல்.

ஒப்பந்தத்தில் எதைப் படிப்பது

பலர் கட்டணச் சதவீதத்தை மட்டும் ஒப்பிடுகிறார்கள். ஒருவர் 25, இன்னொருவர் 40 என்றால் 25 மலிவு என்று முடிவு. எதன் மேல் 25 என்று யாரும் பார்ப்பதில்லை. "சேவிங்ஸ்" என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள். ஹோம்ஸ்டெட் வரம்பையும் சலுகைகளையும் கணக்கில் எடுத்த பிறகு உண்மையில் குறைந்த வரி என்றால் நல்லது. மார்க்கெட் மதிப்பில் குறைந்ததை வரி விகிதத்தால் பெருக்கியது என்றால், மேலே சொன்ன உதாரணத்தில் 40,000 டாலருக்கு 800 டாலர் "சேவிங்ஸ்" காட்டி, 30 சதவீதம் என்று 240 டாலர் பில் போடுவார்கள், ஒரு காசும் மிச்சமாகாத உங்களுக்கு. இந்த ஒரு வரிக்காகவே முழு ஒப்பந்தத்தையும் படிக்கலாம்.

அடுத்தது, எத்தனை வருடம். ஏஜென்டை நியமிக்கும் படிவத்தின் எண் 50-162. அதில் நியமனம் எப்போது முடிகிறது என்று எழுத இடம் உண்டு. அதை வெறுமனே விட்டால் நீங்கள் ரத்து செய்யும்வரையோ வேறு ஏஜென்டை நியமிக்கும்வரையோ அவரே உங்கள் ஏஜென்ட். பல நிறுவனங்களின் ஒப்பந்தம் வருடாவருடம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். வரம்பு காரணமாகப் பலன் இல்லாத வருடத்திலும் அவர்கள் புரொடெஸ்ட் செய்வார்கள். முடிவுத் தேதியாக அந்த வருடக் கடைசியைப் போடுங்கள். ஆன்லைனில் கையெழுத்து வாங்கும் நிறுவனங்கள் அந்தக் கட்டத்தைத் தாங்களே நிரப்பி வைத்திருக்கும். மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மூன்றாவது, யார் முடிவெடுப்பது. ஏஜென்டும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டும் ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டால் அது உங்களையும் கட்டுப்படுத்தும். அதன் பிறகு "எனக்கு அது போதாது" என்று போர்டுக்குப் போக முடியாது. ஒப்புக்கொள்ளும் முன் என்னிடம் கேட்பீர்களா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்க மாட்டோம் என்றுதான் சொல்வார்கள். தெரிந்துகொண்டாவது கையெழுத்துப் போடலாம்.

காசு வாங்கிக்கொண்டு இந்த வேலை செய்பவர் வழக்கறிஞராக இல்லாவிட்டால் பொதுவாக டெக்சாஸ் லைசென்ஸிங் துறையான டி.டி.எல்.ஆரில் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கன்சல்டன்டாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அவர்கள் தளத்தில் பெயரைப் போட்டால் பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கட்டணத்தை முன்கூட்டியே கேட்பவர், இத்தனை சதவீதம் நிச்சயம் குறைப்பேன் என்று சத்தியம் செய்பவர், இருவரையும் தவிருங்கள்.

நீங்களே செய்தால்

முதல் வருடக்காரர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டியது இது. கடிதத்தில் 6 லட்சம் என்று போட்டு, நீங்கள் சில மாதம் முன்பு 5,60,000க்கு வாங்கியிருந்தால், வாங்கிய விலை போட்டுக் கையிலிருக்கும் க்ளோசிங் டிஸ்க்ளோஷர் என்ற ஆவணத்தைவிடப் பெரிய ஆதாரம் எந்த ஏஜென்ட்டிடமும் இல்லை. அதற்கு எதற்கு 30 சதவீதம்?

அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் கடிதத்தில் இருக்கும் எண்ணைக் கொண்டு உள்ளே போய்ப் புரொடெஸ்ட் போடுங்கள். காகிதத்தில் என்றால் படிவம் 50-132. காரணம் கேட்கும் இடத்தில் இரண்டைக் குறியுங்கள்: மதிப்பு மார்க்கெட் மதிப்பைவிட அதிகம், மற்ற சொத்துகளோடு ஒப்பிட்டால் சமமாக மதிப்பிடவில்லை. இரண்டாவதைக் குறிக்காமல் விட்டால் அந்த வாதத்தைப் பின்னால் எடுக்கும்போது தகராறு வரும். விற்பனை விலை கிடைக்காதவர்களுக்கு அந்த இரண்டாவதுதான் கைகொடுக்கும். ஏனென்றால் அதற்கு வேண்டிய தகவல் எல்லாம் டிஸ்ட்ரிக்ட்டின் தளத்திலேயே இருக்கிறது. உங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் ஏறக்குறைய அதே பரப்பு, அதே கட்டிய ஆண்டு, அதே பில்டர் வீடுகள் ஏழெட்டை எடுத்து, ஒவ்வொன்றின் மதிப்பையும் பரப்பால் வகுத்து ஒரு தாளில் போடுங்கள். உங்களுடையது சதுர அடிக்கு 205 டாலர், மற்றவை 185லிருந்து 192 என்று இருந்தால் பேச விஷயம் கிடைத்துவிட்டது. அப்படியே உங்கள் வீட்டைப் பற்றி அவர்கள் பதிவில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். இல்லாத குளம், கூடுதல் குளியலறை, தப்பான பரப்பு எல்லாம் அங்கே நிஜமாகவே இருக்கும்.

விசாரணையில் டிஸ்ட்ரிக்ட் காட்டப்போகும் ஆதாரத்தைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. விசாரணைக்கு 14 நாள் முன்பாவது தர வேண்டும். அவர்கள் ஒப்பிட்டிருக்கும் வீடுகளில் ஒன்றிரண்டு உங்களுடையதைவிடப் பெரிய மனையிலோ ஏரிக்கரையிலோ இருக்கும். அதைச் சுட்டிக்காட்டுவதே பாதி வேலை.

முதலில் அப்ரைசரோடு தனிப் பேச்சு. தொலைபேசியில் முடியும், ஹாரிஸ் கவுன்டி போன்ற இடங்களில் ஆன்லைனிலேயே ஒரு தொகை சொல்வார்கள். அவர்கள் சொன்னதும் 'ஏற்கிறேன்' பட்டனை அழுத்தினால் கதை அங்கே முடிந்துவிடும், அதனால் நிதானமாக. போதாது என்றால் போர்டு. வழக்கமாக மூன்று பேர், உள்ளூர் மக்கள்தான். உண்மை சொல்வதாக உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். "உங்கள் கருத்தில் வீட்டின் மதிப்பு என்ன?" என்று கேட்பார்கள். "கொஞ்சம் குறைத்தால் நல்லது" என்பது பதில் இல்லை. ஓர் எண், அதற்கு ஒரு தாள். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று தயங்க வேண்டாம், தாளும் படங்களும் பேசும். போர்டு உங்கள் சம்மதம் இல்லாமல் மதிப்பை ஏற்ற முடியாது. ஆகவே போனால் நஷ்டம் அந்தக் காலைப்பொழுது மட்டும்தான்.

ஒரே சிக்கல், இந்த விசாரணைகள் மே முதல் ஜூலை வரை வரும். பள்ளி விடுமுறையில் ஊருக்கு டிக்கெட் போட்டிருப்பது அதே நேரம். ஏஜென்ட் இல்லாத உரிமையாளருக்கு காரணம் சொல்லாமல் ஒரு முறை தேதி மாற்றிக்கொள்ள உரிமை உண்டு. தொலைபேசியிலோ வீடியோவிலோ வருகிறேன் என்று முன்பே எழுதிக் கேட்கலாம், நோட்டரி முன் கையெழுத்திட்ட அஃபிடவிட்டும் அனுப்பலாம். எதுவும் செய்யாமல் போகாவிட்டால் புரொடெஸ்ட் தள்ளுபடி. இரண்டு மாதம் ஊரில் இருப்பவர்கள், இரண்டு மூன்று வாடகை வீடு வைத்திருப்பவர்கள், இவர்களுக்கு ஏஜென்ட் கொடுக்கிற காசுக்குத் தகும் என்பது என் கணிப்பு.

முடிவெடுக்க நேரம் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. கெடுவுக்குள் நீங்களே புரொடெஸ்ட்டைப் பதிவு செய்துவிடுங்கள். ஏஜென்டைப் பிறகு நியமிக்கலாம். கெடு நெருங்கும் அவசரத்தில் கண்டதில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

முடிந்த பிறகு

போர்டு தீர்ப்பு பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் பைண்டிங் ஆர்பிட்ரேஷன், அதாவது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் நடுவர் தீர்ப்பு, கேட்கலாம். ஹோம்ஸ்டெட் வீட்டுக்கு மதிப்பு 5 லட்சம் வரை 450 டாலர், அதற்கு மேல் 500 டாலர் டெபாசிட் கட்ட வேண்டும். வித்தியாசம் பெரிதாக இருந்தாலொழிய நான் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன்.

வரி பில் அக்டோபரிலிருந்து வரும், ஜனவரி 31க்குள் கட்ட வேண்டும். மார்ட்கேஜ் இருந்தால் வங்கியே எஸ்க்ரோவிலிருந்து கட்டிவிடும். அதனால் மிச்சமான பணம் உங்கள் கைக்கு உடனே வராது, அடுத்த எஸ்க்ரோ கணக்கெடுப்பில் தவணை குறைந்தோ மீதத்துக்கு ஒரு செக்காகவோ வரும். ஏஜென்ட்டின் பில் அதற்கு முன்பே, சில சமயம் வரி பில் வருவதற்கும் முன்பே வந்து நிற்கும். அதில் போட்டிருக்கும் மதிப்பையும் வரி விகிதத்தையும் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் உங்கள் வீட்டுப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். போன வருட விகிதத்தில் கணக்கிட்டிருந்தால் புது விகிதத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். நியமனத்துக்கு முடிவுத் தேதி போடாமல் விட்டிருந்தால், பணம் கட்டிய கையோடு ரத்துக் கடிதத்தை டிஸ்ட்ரிக்ட்டுக்கும் ஏஜென்ட்டுக்கும் அனுப்பிவிடுங்கள். தள்ளிப் போட்டுக்கொண்டே போனால் அடுத்த வருடப் புரொடெஸ்ட்டையும் அவர்களே போட்டுவிடக்கூடும்.